பம்பாய் வீடும் ஊர் வீடும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கவிருக்கிறது. சீத்தா கேம்ப்பிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழ்கின்ற, ஊரில் ஒரு பூட்டிய வீட்டை வைத்திருக்கின்ற நம்மவர்களை மனத்திற்கொண்டு இதனை எழுதுகிறேன். மொழியியலிலும் இடப்பெயர்வு ஆய்விலும் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கும் இதில் மறுத்துரைக்க இடமிருக்கும். சற்று நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

2020 ஜூன் 3 ஆம் நாள் நண்பகலை அடுத்து நிசர்கா புயல் ராய்கட் மாவட்டத்தில், அலிபாக்கிற்குத் தெற்கே கரையைக் கடந்தது. அன்று காலை முதல் எங்கள் சந்தில் ஆண்கள் கூரைமேல் ஏறித் தாட்பத்ரியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தனர். (ஊரில் தார்ப்பாய் என்பதை நாங்கள் மராத்தியிலிருந்து பெற்ற சொல்லால் தாட்பத்ரி என்கிறோம்.) டிராம்பே கழிமுகத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் குடியிருப்பவர்களுக்குக் காற்றைவிட நீரின்மேல்தான் அச்சம். ஆயினும் மும்பை அன்று பெருஞ்சேதமின்றித் தப்பியது. அடியை வாங்கிக்கொண்டது கடலுக்கு அப்பாலிருந்த கொங்கணக் கரை. ஸ்ரீவர்தன், திவேஆகர், முருட் பகுதிகளில் தலைமுறைகளாகப் பேணப்பட்ட பாக்குத் தோப்புகளும் தென்னைகளும் சில மணி நேரத்தில் வீழ்ந்தன. மின்சாரமும் தொலைபேசியும் நெடுநாள் திரும்பவில்லை.

அலிபாக், மாண்ட்வா, கிஹிம், நாகாவ் ஆகிய ஊர்களை மும்பையின் வசதி படைத்தோர் விடுமுறை வீடுகளின் வழியாகவே அறிவார்கள். பொதுமுடக்கக் காலம், படகு இல்லை, போய்ப் பார்க்க வழியில்லை. எனக்குத் தெரிந்த மூத்தவர் ஒருவர் தம் பண்ணை வீட்டுக் காவலரைத் தொலைபேசியில் பிடிக்க மூன்று நாள் முயன்றார். மாமரம் சாய்ந்ததா, நீச்சல் குளத்தில் குப்பை விழுந்ததா, மேற்கூரைத் தகடு பறந்ததா என்பவை அவருடைய கவலைகள். காவலருடைய வீடும் அதே வளாகத்தின் பின்புறம்தான் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் என் தோழியரும் அதைப் பேசிப் பேசிச் சிரித்தோம். வர்க்கம் என்ற சொல்லைப் புதிதாகக் கற்றவர்களுக்கே உரிய உற்சாகம் அதில் இருந்தது.

அந்தச் சிரிப்பை நான் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. அதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பே என் வீட்டில் அதே நாடகம் நடந்திருந்தது. அதனை நான் அப்போது நாடகமாக அடையாளம் காணவில்லை.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா பேராவூரணிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்து ஜனதா காலனியில் குடியேறியவர். அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த அந்தக் குடியிருப்பு 1976 இல், நெருக்கடி நிலைக் காலத்தில், இடிக்கப்பட்டது. மக்கள் லாரிகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டு இன்றைய சீத்தா கேம்ப்பின் சதுப்பில் இறக்கிவிடப்பட்டனர். அந்த வெளியேற்றத்தை எதிர்த்து நீதிமன்றத்திலும் தெருவிலும் போராடியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலிலிருந்து வந்த தமிழர். பின்னாளில் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் பெற்றவர். தாத்தா அவருடைய கூட்டங்களுக்குப் போனவர். ஒரு முறை வீட்டை இழந்த மனிதருக்கு, எவரும் இடிக்க முடியாத ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை பிறந்தது போலும். சீத்தா கேம்ப்பில் சேர்த்த பணத்தைக் கொண்டு ஊரில் ஒரு ஓட்டு வீடு கட்டினார். திண்ணை, கூடம், இரண்டு அறை, பின்னால் 14 தென்னை.

அந்த வீட்டில் நாங்கள் ஆண்டுக்கு இருபது நாள் இருப்போம். மே மாத விடுமுறையில் சென்னை மெயில் ஏறிப் போய், மாம்பழமும் நுங்கும் தின்று, திண்ணையில் படுத்துவிட்டுத் திரும்புவோம். எஞ்சிய பதினொரு மாதங்களும் அது பூட்டிக் கிடக்கும். நாங்கள் அதை ‘ஊர் வீடு’ என்போம். ஊரார் அதைப் ‘பம்பாய் வீடு’ என்பர். ஒரே கட்டடத்துக்கு இரு பெயர். இரண்டு பெயரிலும் வீடு வேறெங்கோ இருக்கும் ஓர் இடத்துக்கு உரியதாகிவிடுகிறது. விடுமுறை வீடு என்று சொல்ல எங்களுக்கு நா எழாது. அச்சொல் நாகாவ் பங்களாக்களுக்கு உரியது என்றே எண்ணியிருந்தோம். ஆனால் விடுமுறையில் மட்டும் குடியிருக்கும் வீட்டுக்கு வேறென்ன பெயர்?

இது தமிழர்க்கு மட்டும் உரிய நிலையும் அன்று. கொங்கணத்திலிருந்து மும்பை ஆலைகளுக்கு வந்தவர்களை மராத்தியில் சாக்கர்மானி என்பார்கள். சாக்ரி செய்யப் போனவர்கள். கணபதிக்கும் ஷிம்காவுக்கும் ஊருக்குப் போய்ப் பூட்டிய வீட்டைத் திறப்பவர்கள். நிசர்கா அவர்களுடைய வீடுகளின் ஓடுகளையும்தான் பிய்த்தெறிந்தது. பங்களாக்காரரைப் பார்த்துச் சிரித்தபோது இந்த வீடுகள் எங்கள் கண்ணில் படவில்லை.

இனி 2018. நவம்பர் 16 ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று, இடையிடையே அதற்கும் மேல். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்கள் குலைந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னையை நம்பி வாழ்ந்தவர்கள் ஓரிரவில் வெறுங்கையரானார்கள்.

ஊர் வீட்டின் சாவி அத்தையிடம் இருந்தது. அப்பாவின் சித்தப்பா மகள், கணவரை இழந்தவர். எங்கள் மனையின் பின்கோடியில், கீற்று வேய்ந்த கூரை வீட்டில், தம் மகளோடு வாழ்பவர். நாங்கள் போவதற்கு முதல் நாள் வீட்டைத் திறந்து பெருக்கி, குடத்தில் நீர் நிரப்பி வைப்பார். பண்ணை வீட்டுக் காவலருக்காவது மாதச் சம்பளம் உண்டு. அத்தைக்குத் தீபாவளிக்கு ஒரு சேலை.

புயலுக்குப் பின் அப்பா நான்கு நாள் தொலைபேசியோடு போராடினார். ஐந்தாம் நாள், ஜெனரேட்டர் வைத்து எவரோ மின்னேற்றிக் கொடுத்த கைப்பேசியில் அத்தை அகப்பட்டார். நான் அருகில் இருந்தேன்.

“வீடு எப்படிம்மா இருக்கு?”

“வீடு நல்லாத்தான் இருக்குண்ணே. ரெண்டு மூணு ஓடுதான் பறந்துருக்கு. மரம் பூரா போச்சு.”

அப்பா பெருமூச்சு விட்டார். மரங்களைப் பற்றி விசாரித்தார். மின்னூட்டம் குறைவு என்று அத்தை வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் அப்பாவும் நானும் போய்ச் சேர்ந்தோம். தஞ்சையிலிருந்து பேருந்து ஒரத்தநாட்டைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் தென்னைகள் ஒரே திசை நோக்கிச் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் முறிந்து வயல்களில் தலை வைத்திருந்தன. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓர் அடுப்பு, இரண்டு பாய், நனைந்த பாடப்புத்தகங்கள். கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. பின்கோடியில் அத்தையின் வீடு இருந்த இடத்தில் நான்கு மண்சுவர்கள் இடுப்பளவுக்கு நின்றன. கூரை எங்கே போயிற்று என்று கேட்டதற்கு அத்தையின் மகள் குளத்தைக் காட்டினாள்.

சாவி அத்தையின் இடுப்பில்தான் இருந்தது. ஒன்பது இரவும் தாயும் மகளும் பூட்டிய கதவுக்கு வெளியே படுத்திருந்தனர்.

“தொறந்து உள்ள படுத்திருக்கலாமே?” என்றார் அப்பா.

“கேக்காம எப்புடிண்ணே தொறக்குறது?”

தொலைபேசியில் பேசியபோது கேட்டிருக்கலாமே என்று அப்பா சொல்லவில்லை. சொல்ல முடியாது. அத்தை வீட்டைப் பற்றி நாம் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பது அவருக்கு அந்நேரம் தெரிந்திருந்தது.

மொழியியல் படித்தவள் என்ற முறையில் அந்தக் கேள்வியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தமிழில் “வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?” என்று கேட்பதும் “வீடு எப்படி இருக்கிறது?” என்று கேட்பதும் ஒரு வேற்றுமை உருபின் தூரத்தில் நிற்பவை. ஏழாம் வேற்றுமை ஏறியதும் வீடு மனிதராகிவிடும். “வீட்டில் சௌக்கியமா?” என்றால் எவரும் சுவரைப் பற்றி விடை சொல்வதில்லை. உருபு நீங்கி எழுவாயாக நின்றால் அது ஓடும் சுவரும் மட்டுமே. அப்பாவின் இலக்கணத்தில் பிழையில்லை. ஆளில்லாத வீட்டை ‘வீட்டில்’ என்று கேட்க இயலாது. ஆளிருந்த வீடு எங்கள் கேள்விக்குள் வரவேயில்லை. அத்தையும் கேட்கப்பட்ட எழுவாய்க்கு மட்டும் பயனிலை தந்தார். உறவும் நன்றிக்கடனும் கலந்த இடத்தில் கீழே இருப்பவர், கேட்காத செய்தியைத் தாமாகச் சொல்வது உதவி கேட்பதாக ஆகிவிடும். எனவே சொல்லமாட்டார். இதை அத்தையின் பெருந்தன்மை என்று போற்றிக் கடந்துவிடுவது நமக்கு வசதியானது. அவ்வாறு கடக்க எனக்கு விருப்பமில்லை.

நாகாவ் பங்களாக்காரரின் கேள்வியும் இதே வாய்பாடுதான். நீச்சல் குளம் இருந்ததும் இல்லாததும்தான் வேறுபாடு.

அடுத்து வந்தது கணக்கெடுப்பு. வந்தவர் எங்கள் ஓட்டு வீட்டைப் பார்த்தார். கதவு எண் இருந்தது, வரி ரசீது இருந்தது. பின்னால் நின்ற மண்சுவர்களைப் பார்த்தார். எண் இல்லை, மனை அத்தை பெயரில் இல்லை. அதை எங்கள் வீட்டின் மாட்டுக் கொட்டகை என்று குறித்துக்கொண்டு போனார். வேண்டுமென்று செய்ததாக நான் எண்ணவில்லை. ஒரே நாளில் எத்தனையோ வீடுகளைப் பார்த்துத் தீர்க்க வேண்டிய மனிதர். ஆனால் விளைவு இதுதான்: பட்டாவில் அப்பா பெயர் இருந்தமையால் வீழ்ந்த தென்னைகளுக்கான இழப்பீடு மும்பையில் இருந்த அப்பாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது. ஒன்பது இரவு திண்ணையில் படுத்தவர் பட்டியலில் இல்லை. (அப்பா அந்தப் பணம் முழுவதையும் அத்தைக்கே அனுப்பினார் என்பதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநீதி இழைத்தவளாவேன். அத்தை அதைக் கடனாக எண்ணி இன்றும் அவ்வப்போது அரிசி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.)

இழப்பீட்டு விதிகளின் மொழியை நம் ஆய்வு மாணவர்கள் எவரேனும் எடுத்துப் படிக்க வேண்டும். பேரிடர் நிவாரண நிதிக்காக ஒன்றிய அரசு 2015 முதல் 2020 வரை கடைப்பிடித்த அளவுகோலின்படி, சமவெளியில் ஒரு வீடு முழுவதும் அழிந்தால் 95,100 ரூபாய். குடிசை அழிந்தால் 4,100. 2022 இல் திருத்தப்பட்ட அளவுகோலில் அவை 1,20,000 ஆகவும் 8,000 ஆகவும் உயர்ந்தன. கஜாவின்போது தமிழக அரசு முழுவதும் சேதமுற்ற குடிசைக்கு 10,000 என அறிவித்தது. வீழ்ந்த தென்னை ஒன்றுக்கு 600, அதை வெட்டி அகற்ற 500. ஆகப் பத்து மரம் சாய்ந்தவர்க்கு 11,000. கூரையும் சுவரும் போனவர்க்கு 10,000. தென்னை விவசாயிகள் தமக்குக் கிடைத்தது போதாது என்று போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஒரு மரத்தை மீண்டும் காய்க்க வைக்க எத்தனை ஆண்டு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எனினும் மரத்துக்கும் வீட்டுக்கும் இடையே அந்தக் கணக்கு நிறுத்திய விகிதம் என்னை உறுத்துகிறது.

அந்த அளவுகோலில் குடிசைக்கு ஒரு வரையறை உண்டு. கீற்று, மண், பிளாஸ்டிக் தாள் முதலியவற்றால் ஆன தற்காலிக அமைப்பு என்று தொடங்கி, மாநில அல்லது மாவட்ட அதிகாரிகளால் குடிசை என வழக்கமாக அறியப்படுவது என்று அது முடிகிறது. அதிகாரி குடிசை என்றால் குடிசை. எங்கள் வட்டாரத்தில் எவரும் தம் வீட்டைக் குடிசை என்று சொல்லிக் கேட்டதில்லை. கூரை வீடு என்பர்; ஓட்டு வீடு, மாடி வீடு என்பவற்றோடு ஒரே வரிசையில் நிற்கும் சொல் அது. பொருள் மாறினாலும் தலைச்சொல் வீடுதான். அரசுக் கோப்பில் ஏறும்போது அந்தத் தலைச்சொல் கழன்றுவிடுகிறது. கழன்றதும் தொகையும் பன்னிரண்டில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அத்தையின் வீட்டுக்கு அதிலும் ஒரு படி கீழே கொட்டகை என்ற சொல் கிடைத்தது.

இதற்கு மாற்று என்ன என்று கேட்பவர்களுக்கு நான் வெளிநாட்டுக் கோட்பாடு எதையும் காட்டப்போவதில்லை. விடை எங்கள் தெருவிலேயே இருந்தது. 1976 இல் மகாராஷ்டிர அரசு குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் வழங்கியது முதல், எண்ணப்படாதவர் இல்லாதவர் என்ற பாடத்தை மும்பையின் ஏழைகள் நன்கு கற்றார்கள். சீத்தா கேம்ப்பில் தாத்தாவின் தகரப் பெட்டியில் முதலில் இருந்தது அந்த அட்டை, நகை அதற்கடியில். ஜோக்கின் தொடங்கிய தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பும், 1984 இல் தோன்றிய ஸ்பார்க் நிறுவனமும், நடைபாதைப் பெண்களின் மகிளா மிலனும் அதிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தன: எண்ணுகிறவர் அங்கேயே வாழ்பவராக இருக்கட்டும். 1985 இல் பம்பாயின் நடைபாதைவாசிகளைப் பற்றி ஸ்பார்க் வெளியிட்ட கணக்கெடுப்பின் தலைப்பே, கண்ணுக்குப் புலப்படாத நாங்கள் என்று பொருள்படுவது. எழுத்தறியாத பெண்கள் சுண்ணக்கட்டியால் கதவுகளில் எண் இட்டு, யார் எங்கே உறங்குகிறார்கள் என்று கேட்டுப் பதிந்த மரபு அங்கிருந்து வளர்ந்தது. உரிமையாளர் யார் என்ற கேள்வியைவிட உறங்குகிறவர் யார் என்ற கேள்வி முன்னே நின்றது. அதே கேள்வியை எங்கள் மனையில் எவரேனும் கேட்டிருந்தால் பட்டியலில் இருந்திருக்க வேண்டியது அத்தையின் பெயர்.

ஜோக்கின் 2018 அக்டோபர் 13 அன்று மறைந்தார். கஜா வந்தது ஐந்து வாரம் கழித்து. சீத்தா கேம்ப்பிலிருந்து அரிசி போயிற்று, போர்வை போயிற்று, தாட்பத்ரி கட்டுக்கட்டாகப் போயிற்று. கணக்கெடுக்கும் அறிவு மட்டும் போகவில்லை. எங்கள் தெருப் பெண்களில் இருவர், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, அந்த வாரமே அங்கே சென்றிருந்தால் எத்தனை கொட்டகைகள் வீடுகளாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மகாராஷ்டிரத்தில் சேதக் கணக்கெடுப்புக்குப் பஞ்சநாமா என்று பெயர். ஐந்து என்னும் பஞ்ச. ஆவணம் என்னும் பாரசீக நாமா. அக்கம்பக்கத்தார் முன்னின்று சாட்சி சொல்லி எழுதுவது என்பது அச்சொல்லின் உட்கிடை. நடைமுறையில் அது எழுதி முடித்த தாளில் இரண்டு கையெழுத்தாகச் சுருங்கியிருப்பதை நானும் அறிவேன். ஆயினும் அண்டை வீட்டாரின் வாய்மொழி இன்றி ஒரு வீட்டின் சேதத்தை எழுதக்கூடாது என்ற நினைவையாவது சொல் காத்து வைத்திருக்கிறது. பூட்டிய வீட்டுக்கு அருகில் யார் தூங்குகிறார்கள் என்று கேட்கும் ஒரு பத்தி அந்தப் படிவத்தில் சேர்வதற்குச் சட்டம் எதுவும் திருத்தப்பட வேண்டியதில்லை.

அரசிடம் கேட்பதற்கு முன் நம்மிடம் கேட்க வேண்டியவை உண்டு. ஊரில் பூட்டிய வீடு வைத்திருப்பவர்கள், சாவி வைத்திருப்பவரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். காற்று பலமாக அடித்தால் எங்களைக் கேட்காமல் திறந்துகொள்ளுங்கள், யாரை வேண்டுமானாலும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமலே புரியும் என்று இருந்துவிடாதீர்கள். புயலன்று தொலைபேசி இருக்காது. அவர்களுக்குக் கதவு எண் இல்லையென்றால் பெற்றுக்கொடுப்பதற்கு உங்கள் மே மாத இருபது நாளில் இரண்டு நாளைச் செலவிடுங்கள். பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் மட்டுமே வரும் பணம் யாருக்கு உரியது என்பதை அது வருவதற்கு முன்பே வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஊர்ச் சங்கங்கள் நிவாரணப் பட்டியல் எழுதும்போது ‘யார் வீடு’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘யார் இருக்கிறார்கள்’ என்று இன்னொரு கட்டம் போடலாம்.

இதற்கு எங்கள் தெருவிலேயே எதிர்ப்பு உண்டு. திறந்துவிட்டால் பிறகு காலி செய்யமாட்டார்கள் என்பார் ஒருவர். இடிக்கப்பட்ட ஜனதா காலனியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் வாயிலிருந்து, காலி செய்யமாட்டார்கள் என்ற சொற்றொடர் வரும்போது எனக்குத் தாத்தாவின் தகரப் பெட்டி நினைவுக்கு வருகிறது. அந்த அச்சம் முற்றிலும் பொய் என்றும் நான் வாதிடமாட்டேன். எங்கள் மாவட்டத்தில் மனைத் தகராறு இல்லாத குடும்பம் ஏது?

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி வந்தது. திருகோணமலை அருகே இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து, நகராமல் நின்று டெல்டா முழுவதும் மழையைக் கொட்டியது. மூன்றாம் நாள் காலை அத்தை தாமே அழைத்தார்.

“அண்ணே, வீட்டைத் தொறந்துட்டேன். பதினோரு பேரு இருக்கோம். ஆடும் ரெண்டு கெடக்கு.”

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அடுப்பை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். கூடத்தில்தான் என்றார் அத்தை. அடுத்த முறை நாங்கள் போனபோது கூடத்துச் சுவர் ஓர் ஆள் உயரத்துக்குக் கரி படிந்திருந்தது. சுண்ணாம்பு அடித்த கூலி எண்ணூறு ரூபாய் என்று அப்பா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.